முதல் வெளிநாட்டுப் பயணத்தில் தீம் பார்க்: எந்த ஊருக்குப் போவது?

கோடை விடுமுறை நெருங்கினால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது: "இந்தத் தடவை பிள்ளைங்கள யூனிவர்சலுக்குக் கூட்டிட்டுப் போகலாமா, டிஸ்னிக்கா?" பூங்காவின் பெயரை முதலில் முடிவு செய்துவிட்டு, குடும்பத்தை அதற்கேற்ப வளைக்கப் பார்க்கிறோம். எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. போகிறவர்களில் மிகக் குட்டையானவர் எத்தனை சென்டிமீட்டர், மிக மூத்தவர் எவ்வளவு தூரம் நடப்பார் என்று பார்த்துவிட்டாலே பாதி ஊர்கள் பட்டியலிலிருந்து தாமாக விழுந்துவிடும். மிச்சத்தை விசா, விமானம், வானிலை என்று கழித்துக்கொண்டே வந்தால் ஒன்றோ இரண்டோதான் நிற்கும்.

தமிழ்நாட்டிலிருந்து முதன்முதலாக பாஸ்போர்ட் எடுத்துக் கிளம்பும் குடும்பத்தை மனதில் வைத்து எழுதியது இது. நாலைந்து நாடு சுற்றிப் பழகியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

முதலில் டேப்பை எடுங்கள்

பிள்ளையைச் செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி அளந்து, எண்ணைக் குறித்து வையுங்கள். ரைடுகளைப் பொறுத்தவரை வயதை யாரும் கேட்பதில்லை, உயரம்தான் கணக்கு. சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டுடியோஸில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்கு 102 செ.மீ. வேண்டும். இருட்டுக்குள் ஓடும் மம்மி ரோலர் கோஸ்டருக்கு 122. சிவப்பும் நீலமுமாக இரண்டு தடங்களில் பாயும் பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125. உங்கள் பையன் 118 செ.மீ. என்றால், யூடியூபில் பார்த்துப் பார்த்து அவன் ஆசைப்பட்ட ரைடுகளில் இரண்டு அவனுக்குக் கிடையாது. இதை வீட்டிலேயே சொல்லிவிடுவது நல்லது. அங்கே போய்த் தெரிந்தால் அழுகைதான்.

ரைடு வாசலில் அளவுப் பலகை ஒன்று நிற்கும். ஊழியர் சிரித்த முகத்தோடு பிள்ளையை அதனடியில் நிற்கச் சொல்வார். குதிகாலைத் தூக்கினால், தரையில் பதியட்டும் என்று சைகை காட்டுவார். கொண்டை போட்டிருந்தால் அதைக் கணக்கில் எடுக்கமாட்டார். ஒரு விரற்கடை குறைந்தாலும் சரி, "போன வருஷம் வேற பார்க்ல விட்டாங்களே" என்ற பேச்சு எடுபடாது. சில இடங்களில் வாசலில் ஒரு முறை, ஏறப்போகும் இடத்தில் இன்னொரு முறை என்று இரண்டு தடவை அளப்பார்கள். ஆகவே முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்பதற்கு முன்பே உயரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பூங்காவும் தன் இணையதளத்தில் ரைடுவாரியாக உயர அளவைப் போட்டிருக்கும். அதை அப்படியே ஒரு தாளில் எழுதி, பிள்ளையின் உயரத்துக்கு மேல் ஒரு கோடு போட்டால் படம் தெளிவாகிவிடும்.

நான் வைத்திருக்கும் தோராயக் கணக்கு இது. எல்லாப் பிள்ளைகளும் 105 செ.மீ.க்குக் கீழே என்றால் ஹாங்காங் டிஸ்னிலேண்ட் அல்லது மலேசியாவின் லெகோலேண்ட். கடைக்குட்டி 125ஐத் தாண்டிவிட்டால் சிங்கப்பூர் யூனிவர்சல், அபுதாபி எதுவும் வீண்போகாது. நடுவில் இருப்பவர்கள்தான் யோசிக்க வேண்டியவர்கள். ஒரு வருடம் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடலாம், தப்பில்லை.

தாத்தா பாட்டி வருகிறார்களா?

ஒரு பெரிய பூங்காவில் காலை முதல் இரவு வரை சுற்றினால் 10 கிலோமீட்டர்கூட நடந்திருப்பீர்கள். முழங்கால் வலிக்காரர்கள் இருந்தால் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும், கேட்கத் தயங்க வேண்டாம். முதுகு, இதயம், ரத்த அழுத்தத் தொந்தரவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வேகமான ரைடுகளில் ஏறக்கூடாது என்று வாசலிலேயே எழுதியிருக்கும்.

ரோலர் கோஸ்டருக்குப் பயப்படுகிறவர்கள், 'இது வெறும் திரைதானே' என்று முப்பரிமாண ரைடுகளில் துணிந்து ஏறுவார்கள். தலைசுற்றல் வருவது பெரும்பாலும் அங்கேதான். வண்டி கொஞ்சம் அசையும், திரையோ நம்மைக் கட்டடத்தின் மேலிருந்து தள்ளிவிடும். கண்ணும், உடலின் சமநிலையை உணரும் உட்காதும் வேறு வேறு கதை சொல்ல, வயிறு புரட்டும். பஸ்ஸில் போனாலே வாந்தி எடுப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவரை இதற்கு வற்புறுத்தாதீர்கள்.

கைக்குழந்தை இருக்கிறது, அப்பா அம்மா இருவருக்கும் ரைடில் ஏற ஆசை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஒருவர் குழந்தையோடு காத்திருக்க மற்றவர் ஏறி வருவார். பிறகு இவர் மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறலாம். பெரும்பாலான பெரிய பூங்காக்களில் இந்த வசதி உண்டு. ஆனால் அவர்களாகக் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள், வாசலில் இருக்கும் ஊழியரிடம் நாம்தான் கேட்க வேண்டும்.

உள்ளூரில் ஒரு ஒத்திகை

வெளிநாட்டு டிக்கெட் போடுமுன் ஒரு வார இறுதியில் வொண்டர்லாவுக்கோ, சென்னை எம்.ஜி.எம்.முக்கோ, மேட்டுப்பாளையம் பிளாக் தண்டருக்கோ போய் வாருங்கள். பிள்ளை எத்தனை நிமிடம் வரிசையில் பொறுமையாக நிற்கிறாள், இருட்டைக் கண்டால் அலறுகிறாளா, மதியத்துக்கு மேல் தூங்கி விழுகிறாளா என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். ரைடே பிடிக்காத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு ஊர்வலம், பொம்மை வேடமிட்டவர்களோடு படம், வாணவேடிக்கை போதும். அப்படியானால் விடை டிஸ்னி பக்கம் சாய்கிறது.

பாஸ்போர்ட், விசா

குடும்பத்தில் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் பொதுவாக ஐந்து வருடத்துக்குத்தான் கொடுப்பார்கள். பெரியவர்களுடையது பத்து வருடம் இருக்கிறதே என்ற நினைப்பில் பிள்ளையுடையதைப் பார்க்காமல் விட்டு, விமான நிலையத்தில் முழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

விசா நாட்டுக்கு நாடு மாறும். மலேசியா 2026 இறுதிவரை இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு அறிவித்திருக்கிறது. அங்கே இறங்குமுன் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பினால் போதும். ஹாங்காங்குக்கு விசா என்று தனியாக இல்லை. ஆனால் இணையத்தில் முன்பதிவு செய்து அனுமதிச் சீட்டு பெற வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. 14 நாள்வரை தங்கலாம். அந்தச் சீட்டை அச்சடித்துக் கையில் வையுங்கள், விமானத்தில் ஏறும்போதே கேட்பார்கள். சிங்கப்பூருக்கு விசா கட்டாயம். அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாக விண்ணப்பித்தால் சில நாள்களில் வந்துவிடும். அதோடு சிங்கப்பூர் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் அரசின் இணையதளத்தில் நிரப்ப வேண்டும். இது முற்றிலும் இலவசம். இதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள். அபுதாபிக்கான அமீரக விசாவை விமான நிறுவனமோ ஏஜென்டோ எடுத்துத் தருவார்கள்.

விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். டிக்கெட் போடும் வாரத்தில் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஊர்கள்

முதல் பயணத்துக்கு எதை எடுப்பது என்று என்னைக் கேட்டால், ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குத் தயங்காமல் சிங்கப்பூரைத்தான் சொல்வேன். யூனிவர்சல் ஸ்டுடியோஸ் உலகிலேயே சிறந்த பூங்கா என்பதற்காகச் சொல்லவில்லை. 2010இல் செந்தோசா தீவில் திறந்த அது அளவில் சின்னதுதான், 20 ஹெக்டேர். அந்தச் சின்ன அளவுதான் முதல் தடவை போகிறவருக்கு வசதி. ஒரே நாளில் நிதானமாக முடித்துவிடலாம், தொலைந்துபோவது கடினம். பூங்காவுக்கு வெளியே உள்ள நாள்களும் சுலபம். சென்னையிலிருந்து நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்தால் போதும், திருச்சியிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால் விமான நிலையப் பலகையிலேயே தமிழைப் பார்ப்பீர்கள். சாப்பாட்டுக்கு சிராங்கூன் சாலைப் பக்கம் போனால் இட்லி முதல் பிரியாணி வரை கிடைக்கும். இங்கிலீஷ் பேசத் தயங்கும் அம்மாவும் தனியாகக் கடைக்குப் போய் வருவார்.

செந்தோசாவுக்குப் போவதும் எளிது. எம்.ஆர்.டி. ரயிலில் ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்தில் இறங்கினால் விவோசிட்டி வணிக வளாகம். அதன் மூன்றாம் தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ் ஏறினால் அடுத்த நிலையமே பூங்காதான். நடக்கத் தெம்பிருந்தால் பக்கத்திலேயே நடைபாலம் இருக்கிறது. 2025இல் பூங்காவில் மினியன் லேண்ட் என்ற பகுதி சேர்ந்த பிறகு குட்டிகளுக்கும் முன்பைவிட வேலை கூடியிருக்கிறது. குறை என்றால் வெயிலும் மழையும். வருடம் முழுக்க சென்னை வெக்கைதான். இடி மின்னல் வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், எப்போது திறக்கும் என்று அவர்களுக்கும் தெரியாது. எனவே வெளியில் ஓடும் ரைடுகளைக் காலையிலேயே முடியுங்கள்.

பிள்ளைகள் ரொம்பச் சின்னவர்கள் என்றால் ஹாங்காங் டிஸ்னிலேண்ட். 2005 செப்டம்பரில் லாந்தாவ் தீவில் திறந்தது. டிஸ்னி பூங்காக்களிலேயே சிறியது என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். மூன்று வயதுப் பிள்ளையின் காலுக்கு அதுவே பெரிது. பெரும்பாலான ரைடுகளுக்கு உயரக் கட்டுப்பாடு இல்லை. பிக் கிரிஸ்லி மவுண்டனுக்கு 112, ஆர்.சி. ரேசருக்கு 120 என்று சிலவற்றுக்குத்தான் அளவு பார்ப்பார்கள். மெட்ரோ ரயிலில் வந்து சன்னி பே நிலையத்தில் மாறினால் மிக்கி மவுஸ் தலை வடிவத்தில் ஜன்னல் வைத்த ரயில் பூங்கா வாசலில் இறக்கிவிடும். சின்னதுகளுக்கு அந்த ரயிலிலேயே உற்சாகம் தொடங்கிவிடும். 2023 நவம்பரில் ஃப்ரோஸன் கார்ட்டூன் படத்தை வைத்து ஃப்ரோஸன் உலகம் என்ற பகுதியைத் திறந்தார்கள். அந்தப் படத்து எல்சா பாவாடை உடுத்திய சிறுமி வீட்டில் இருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. சைவர்களுக்குச் சாப்பாடுதான் கொஞ்சம் பாடு. நகருக்குள் சிம் ஷா சுய் பகுதியில் இந்திய உணவகங்கள் இருக்கின்றன.

கையில் காசு அளவாக இருந்தால் மலேசியா. விசாச் செலவு இல்லை. கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் கெந்திங் மலை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 6000 அடி உயரத்தில் 2022இல் திறந்த ஸ்கைவேர்ல்ட்ஸ் பூங்கா இருக்கிறது. வழியில் பத்துமலை முருகனையும் பார்த்துவிடலாம் என்பதால் பெரியவர்களிடம் இந்தத் திட்டத்துக்கு எதிர்ப்பே வராது. மலையில் மழையும் மூடுபனியும் திடீரென்று இறங்கும். ஆளுக்கொரு ஸ்வெட்டர் அவசியம். லெகோலேண்ட் இருப்பது ஜொகூரில், சிங்கப்பூர் எல்லையை ஒட்டி. 2012இல் திறந்தது, 2 முதல் 12 வயதுக்காரர்களை நினைத்துக் கட்டியது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அரை நாளில் அலுத்துவிடும். சிங்கப்பூரிலிருந்து ஒரு நாள் போய்த் திரும்பும் திட்டம் இருந்தால், உங்கள் சிங்கப்பூர் விசா மறுபடி நுழைய இடம் தருகிறதா என்று முதலில் பாருங்கள்.

வேகப் பிரியர்களுக்கு அபுதாபியின் யாஸ் தீவு. அங்குள்ள ஃபெராரி வேர்ல்ட் பூங்காவின் ஃபார்முலா ரோசா ரோலர் கோஸ்டர் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் பாயும், கண்ணாடி மாட்டிவிட்டுத்தான் ஏற்றுவார்கள். பக்கத்திலேயே வார்னர் பிரதர்ஸ் வேர்ல்ட், சீ வேர்ல்ட், யாஸ் வாட்டர்வேர்ல்ட் எல்லாம் இருக்கின்றன. இடையில் ஓட இலவசப் பேருந்தும் உண்டு. வார்னர் பிரதர்ஸ் பூங்கா முழுக்க ஏசிக் கூரைக்கு அடியில் இருப்பதால், நம் மே மாத விடுமுறையில் வெளியே 40 டிகிரியைத் தாண்டினாலும் உள்ளே தெரியாது. துபாயில் தங்கிக்கொண்டு ஒரு நாள் யாஸ் தீவுக்கு வருவதாக பேக்கேஜ் போடுவார்கள். சாலையில் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். பூங்காதான் முக்கியம் என்றால் யாஸ் தீவிலேயே இரண்டு இரவு தங்கிவிடுங்கள்.

டோக்கியோ? அதுதான் எல்லாவற்றிலும் அழகு என்பேன். 1983இல் திறந்த டிஸ்னிலேண்டும், 2001இல் திறந்த டிஸ்னிசீயும் பக்கத்துப் பக்கத்தில். டிஸ்னிசீ மாதிரிப் பூங்கா உலகில் வேறெங்கும் இல்லை. ஆனால் விசா ஆவணங்கள், நீண்ட பயணம், மொழி, சைவச் சாப்பாடு என்று முதல் பயணத்துக்கு இத்தனை பாரம் வேண்டாம். இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பாரிஸுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா, ஆர்லாண்டோவுக்கு அமெரிக்க விசா நேர்காணல். ஆர்லாண்டோவில் டிஸ்னிக்கு மட்டுமே நான்கு பூங்காக்கள், ஒரு வாரம் போதாது. அங்கே சொந்தக்காரர் இருந்தால் கதை வேறு.

எந்த மாதம்

நமக்கு விடுமுறை என்றால் அங்கேயும் விடுமுறையா என்று பாருங்கள். சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஜூனிலும், நவம்பர் பின்பாதியிலிருந்து டிசம்பர் முடியும்வரையும் விடுமுறை. சீனாவில் மே முதல் வாரமும் அக்டோபர் முதல் வாரமும் பெரிய விடுமுறைகள், ஹாங்காங் திணறும். நம் காலாண்டு விடுமுறை சரியாக அதில் போய் விழுகிறது. சீனப் புத்தாண்டு ஜனவரி பின்பாதியிலோ பிப்ரவரியிலோ வரும். ஹாங்காங்கில் கோடையில் புயலும் உண்டு. எட்டாம் எண் எச்சரிக்கை ஏற்றினால் பூங்காவையே மூட நேரலாம். அரையாண்டு விடுமுறை, அதாவது கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை, எந்த ஊரும் வேண்டாம். பள்ளியில் இரண்டு நாள் விடுப்புச் சொல்ல முடிந்தால் பொங்கலை ஒட்டிய வாரம் நன்றாக இருக்கும். மேயில்தான் முடியும் என்றால் இரண்டாம் வாரத்துக்கு மேல் போங்கள். பூங்காவுக்கு செவ்வாயோ புதனோ வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு உபாயம் சொல்கிறேன். பூங்காவின் செயலியை இப்போதே போனில் இறக்கிவிடுங்கள். எந்த ரைடுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை அதில் நேரலையாகக் காட்டுவார்கள். நீங்கள் போக நினைக்கும் அதே கிழமையில், வீட்டிலிருந்தே காலை, மதியம், மாலை என்று பார்த்து வந்தால் எதில் முதலில் ஏற வேண்டும் என்பது பிடிபட்டுவிடும்.

காசு

சிங்கப்பூர் யூனிவர்சலில் பெரியவருக்கு ஒரு நாள் சீட்டு 80 சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) மேல். நாலு பேர் குடும்பத்துக்கு ரூபாயில் பெருக்கிப் பாருங்கள். ஹாங்காங்கில் தேதியைப் பொறுத்து விலை மாறும். சிறுவர் சீட்டு சிங்கப்பூரில் 4 முதல் 12 வயது வரை, ஹாங்காங்கில் 3 முதல் 11 வரை. பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பு போவதில் லாபம் இருக்கலாம்.

வரிசையைத் தாண்டிச் செல்லும் விரைவுச் சீட்டைத் தனியாக விற்பார்கள். கூட்ட நாள்களில் அது நுழைவுச் சீட்டின் விலையை எட்டிப்பிடிக்கும். சாதாரண வார நாளில், கதவு திறக்குமுன் போய்விட்டால் அது தேவையே இல்லை. விடுமுறை நாளில் மாட்டிக்கொண்டால் மட்டும் யோசியுங்கள்.

ஏஜென்ட் பேக்கேஜ் எடுப்பதில் தவறில்லை, முதல் பயணத்துக்கு அது தெம்புதான். ஆனால் திட்டத்தில் பூங்கா நாளன்று என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படியுங்கள். "காலை நகரச் சுற்றுலா, பிறகு யூனிவர்சல்" என்று இருந்தால் நீங்கள் உள்ளே நுழையவே பகல் பன்னிரண்டு ஆகிவிடும், எல்லா ரைடிலும் வரிசை உச்சத்தில் இருக்கும். பூங்காவுக்கு ஒரு முழு நாள், வேறெதுவும் வேண்டாம் என்று எழுத்தில் வாங்குங்கள். பேக்கேஜுக்கு மேல் டி.சி.எஸ்., அதாவது விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி, என்று ஒரு தொகை பிடிப்பார்கள். அது போன பணம் இல்லை. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்புமுன் நீங்களே திறந்துவிட வேண்டும். மூடியபடியே வருவதுதான் வழக்கம்.

கிளம்பும் வாரம்

பதிவு செய்யும்போது பாஸ்போர்ட், விமானம், விசா, தங்குமிடம், கடைசியாகப் பூங்காச் சீட்டு என்று போங்கள். விசா கேட்கும் நாடென்றால் ரத்து செய்யக்கூடிய அறையாகப் போடுங்கள். பூங்காச் சீட்டைக் குறிப்பிட்ட தேதிக்குத்தான் தருவார்கள். விசா வந்த பிறகு வாங்கினால் நிம்மதி. அதற்கு முன் அந்தப் பூங்கா அன்று திறந்திருக்கிறதா, நீங்கள் குறித்து வைத்த ரைடு பராமரிப்புக்காக மூடியிருக்கிறதா என்று இணையதளத்தில் பாருங்கள்.

பெட்டியில் பொடி வகைகள் வைக்கிறவர்கள் கவனிக்க: அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். அம்மா அரைத்துக் கொடுத்த குருமாப் பொடியில் அது இருந்தாலும் சிக்கல்தான். மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் கொண்டுபோங்கள். திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, விசா மூன்றையும் அச்சடித்துக் கைப்பையில் வையுங்கள். குடிவரவு அதிகாரி எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டால் அந்தத் தாளை நீட்டினால் போதும். பிள்ளையோடு அப்பா மட்டுமோ அம்மா மட்டுமோ போவதானால் மற்றவரின் சம்மதக் கடிதமும் இருக்கட்டும்.

இறங்கிய அன்றே பூங்காவுக்குப் போகாதீர்கள். நள்ளிரவு விமானத்தில் தூங்காமல் வந்த பிள்ளை காலை பத்து மணிக்கே சிணுங்கும். முதல் நாள் தூக்கத்துக்கும் பக்கத்துத் தெருவுக்கும். இரண்டாம் நாள் காலை, கதவு திறப்பதற்கு அரை மணி முன்பே வாசலில் நில்லுங்கள். எல்லோரும் முதல் பந்திக்கு முண்டுவதுபோல வாசலருகே உள்ள ரைடில் குவிவார்கள். நீங்கள் நேராகக் கடைசிக் கோடிக்குப் போய் அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். வேகமான ரைடில் ஏறுமுன் பை, போன், கண்ணாடி எல்லாம் லாக்கருக்குப் போக வேண்டியிருக்கும். ஆகவே சின்னப் பை போதும். மதிய வெயிலில் உள்ளரங்க நிகழ்ச்சிகள், மூடும் நேரத்துக்கு முந்தைய மணியில் விட்டுப்போன ரைடுகள். பொம்மைக் கடையை மட்டும் வெளியேறும்போது வைத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே வாங்கினால் நாள் முழுக்க அதைச் சுமப்பது அப்பாதான்.